ஐந்து என்றால் எந்த விரல்?

ஈர மாவுக்கட்டுச் சுருளை வாளியிலிருந்து எடுத்து, பிழிந்தும் பிழியாமலும் ஒரு பெரியவரின் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருந்தார் மாவுக்கட்டுக்காரர். எலும்பு மருத்துவமனையில் இருபத்திரண்டு வருஷமாக அவர் பெயரே அதுதான். கட்டு இறுகுவதற்குள் உள்ளங்கையால் தடவி வழவழப்பாக்க வேண்டும். விரல் நுனி பட்டால் குழி விழும், அந்தக் குழி உள்ளே அழுத்திப் புண்ணாக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார். ஆனால் அன்று அவருடைய விரல்கள் அவரைக் கேட்காமலே தாளம் போட்டன.

"ஏம்ப்பா, என் கை என்ன மேசையா?" என்றார் பெரியவர்.

"மன்னிச்சுக்குங்கய்யா." குழிகளைத் தடவி அழித்தார். பிறகு, கட்டுப் போட்ட எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னார். "நாலு விரலையும் ஆட்டுங்க... சரி. இப்ப கட்டை." நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்த இடம் உடனே சிவந்தது. ரத்த ஓட்டம் சரி.

தாளத்துக்குக் காரணம் அவர் மனைவி. அதே மருத்துவமனையில் பதிவறையில் வேலை. நன்றாகப் பாடுவாள். மூன்று வருஷம் முன் கழுத்தில் கட்டி எடுத்தார்கள். பேச்சு முழுசாகத் திரும்பியது, பாட்டு மட்டும் இரண்டு படி இறங்கி நின்றுவிட்டது. அதன் பிறகு நாலு பேர் முன்னால் அவள் வாய் திறக்கவில்லை. இந்தச் சனிக்கிழமை மருத்துவமனைக்கு இருபத்தைந்தாவது ஆண்டு விழா. போன மாதம், இவர்களுக்குக் கல்யாணம் பேசின வருஷம் எல்லா பஸ்ஸிலும் ஓடிய பாப் பாட்டு ஒன்றைப் பாடலாமா என்று ஆசைப்பட்டாள். ஆசைப்பட்ட வாயாலேயே வேண்டாம் என்றும் சொன்னாள்.

"கூடப் பாட போன்ல போடுற பின்னணி இசை எனக்கு ரெண்டு கட்டை மேல. எட்டிப் பாடினா தொண்டை கிழியும், எட்டலைன்னா மானம் கிழியும். என் பேரை எடுத்துடு தம்பி."

அவள் தம்பி அங்கேயே எலக்ட்ரீஷியன். விழாவுக்கு மைக்கும் அவன் பொறுப்பு, நிகழ்ச்சிப் பட்டியலும் அவன் பொறுப்பு.

"எடுக்காதே மச்சான்," என்றார் மாவுக்கட்டுக்காரர். "உங்கக்கா கட்டைக்கு நான் பியானோ வாசிக்கிறேன்."

"மாமா, பியானோவுல எலும்பு ஒண்ணும் முறியலையே!"

மனைவி சிரிக்கவில்லை. "விழாவுக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் நிக்காம வாசிச்சுக் காட்டுங்க. வெள்ளிக்கிழமை காலையில பட்டியல் அச்சுக்குப் போகுது. நடுவுல நின்னீங்கன்னா நான் பாடல. அவ்வளவுதான்."

அவகாசம் ஒரு மாதம். அந்தப் பாட்டைச் சுருதி இறக்கி, புதிதாகக் கற்பவர்களுக்கென்று எளிதாக்கி எழுதிய நாலு பக்கத்தைத் தேடி அச்செடுத்தார். பியானோ, நோயாளிகளுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கும் அறையில் இருந்தது. வாதம் வந்து கை விழுந்தவர்கள் விரலுக்கு வேலை கொடுக்கிற பியானோ. எந்தக் கட்டை எந்தச் சுரம் என்று அதிலேயே எழுத்து ஒட்டியிருந்தது. இடது கைக்கு ஒவ்வொரு அடிக்கும் கனமாக ஒரே ஒரு சுரம்தான். வலது கைக்குச் சுரங்களின் தலைமேல் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். எண் என்றால் விரல் என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. எந்த விரல் என்று போடவில்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் மச்சான் காதுக்குப் போகும். போனால் விழா வரை வாய் ஓயாது.

ஆகவே தனக்குத் தெரிந்த கணக்கையே வைத்துக்கொண்டார். நாலு விரல், அப்புறம் கட்டை. ஆள்காட்டி ஒன்று, சுண்டுவிரல் நாலு, கட்டைவிரல் ஐந்து.

சரணம் ஓரளவு வந்தது. பல்லவியில்தான் வம்பு. மூன்று இடத்தில் ஐந்து வரும், மூன்றும் உச்சிச் சுரம். கட்டைவிரல் மற்ற நாலு விரலையும் தாண்டி, வேலி தாண்டுகிற ஆடு மாதிரி வலப்பக்கம் குதிக்க வேண்டும். பத்துத் தடவைக்கு ஒரு தடவை சரியாக விழுந்தது. மீதி ஒன்பது தடவையும் நின்றது. எதிர் வார்டில் நர்ஸ்கள், "பல்லவி வருது, காதைப் பொத்து" என்று பேசிக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது.

"எழுதினவன் கல்நெஞ்சக்காரன்," என்றார் வீட்டில்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் மனைவி.

வியாழக்கிழமை மதியம் ஒரு வாட்டசாட்டமான பெயிண்டர் வந்தார். வலது கை வீங்கியிருந்தது.

"அலமாரிக் கதவைக் குத்திட்டேங்க."

"அலமாரி எப்படி இருக்கு?"

"அது நல்லாத்தான் இருக்கு."

சீட்டில் ஐந்தாவது விரலடி எலும்பு முறிவு என்றிருந்தது. மாவுக்கட்டுக்காரர் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்துப் பஞ்சு வைத்துச் சுற்ற ஆரம்பித்தார். பெயிண்டர் சீட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பதறினார்.

"அண்ணே! அஞ்சாவதுன்னு எழுதியிருக்கு. அஞ்சாவது கட்டைவிரல்தானே? நீங்க சுண்டுவிரலைக் கட்டுறீங்களே!"

"அது நம்ம கணக்கு. டாக்டர் கணக்குல கட்டைதான் ஒண்ணு. அஞ்சுன்னா சுண்டு..."

சொன்ன வாய் மூடவில்லை. தலைக்குள் பல்லவி ஓடியது. உச்சிச் சுரத்தில் சுண்டுவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது. குதிக்கவே வேண்டாம்! கை முழுசாக, பாய் விரித்த மாதிரி, கட்டைகள்மேல் படுத்துக் கிடந்தது. எழுந்து ஓடலாமென்றால் முடியாது. கட்டு இறுகும் வரை பிடித்த கையை விடக்கூடாது. ஆறு நிமிஷம். அவர் வாழ்க்கையில் மாவு அவ்வளவு மெதுவாக இறுகியதே இல்லை.

"அண்ணே, உங்க கால் ஏன் ஆடுது?"

"ஒண்ணுமில்ல. நீங்க ஆடாதீங்க."

கட்டு இறுகியதும் நாலு விரல், கட்டை, நகம் எல்லாம் பார்த்தார். அதில் குறை வைக்கவில்லை. பிறகுதான் ஓடினார். கையில் காய்ந்த மாவோடு பியானோ முன் உட்கார்ந்து, கட்டை ஒன்று, சுண்டு ஐந்து என்று வைத்தார். உச்சிச் சுரம் மணி அடித்த மாதிரி விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்தது. "அடி சக்கை!" என்று தொடையில் தட்டினார். சக்கர நாற்காலியில் இருந்த அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினார்.

ஆனால் ஒரு மாதப் பழக்கம் ஒரு மணி நேரத்தில் போய்விடுமா? வந்த சரணம் இப்போது வராமல் போயிற்று. சாப்பாட்டு நேரம் முழுக்க, மூன்று மணிக்கு வேலை முடிந்து மறுபடி இரண்டு மணி நேரம், எண்களை வாய்விட்டுச் சொல்லி ஒவ்வொரு விரலையும் ஒரு இடம் தள்ளிக் குடிவைத்தார். சட்டை நனைந்தது. முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

ஐந்து மணிக்கு மனைவி வந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். பின்னாலேயே தம்பியும் வந்தான்.

"மாமா, ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா?"

"வாயை மூடுடா," என்றாள் அக்கா.

வாசித்தார். சரணத்தில் ஒரு விரல் வழுக்கியது, நிற்காமல் போனார். பல்லவி வந்தது. தம்பி காதைப் பொத்தத் தயாரானான். உச்சிச் சுரம் ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் விழுந்தன. கடைசிக் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

அவள் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். "இன்னொரு தடவை."

இந்தத் தடவை பாடினாள். முதல் வரி காற்றாக வந்தது, இரண்டாவது வரியில் குரல் கால் ஊன்றியது. இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வேகம் பிய்த்துக்கொண்டு போயிற்று.

"ஓடாதீங்க! நான் மூச்சு விட வேண்டாமா?"

"விடு, விடு. நல்லா விடு."

நாலு தடவை பாடினார்கள். தம்பி நாலாவது தடவைக்கு வாசல் கதவில் தாளம் தட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை தோசைக்கல்லை அடுப்பில் வைப்பதற்கு முன்பே அவள் தம்பிக்குப் போன் போட்டாள். "பேர் இருக்கட்டும். போன் இசை வேண்டாம். பாட்டு நான், பியானோ உங்க மாமான்னு போடு. உயரம் சரியான ஒரு ஸ்டூல் வேணும், சக்கரம் வச்சது கூடாது, உருண்டு போயிடுவார்." போனை வைத்துவிட்டு நகவெட்டியோடு வந்து கணவரின் வலது கையைப் பிடித்தாள். நேற்று ஒவ்வொரு சுரத்துக்கும் நகம் டக்டக் என்றதாம். கட்டைவிரலில் ஆரம்பித்து ஐந்தையும் ஒட்ட வெட்டிவிட்டு, பிறகு இடது கையைக் கேட்டாள்.