பொட்டு விழாத குழாயடி

என் டிராயிங் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. கல்யாணமான புதிதில் என் மனைவி அது யாருடையது என்று கேட்டாள். இட்லி விற்ற ஒரு அக்காவுடையது என்றேன், நம்பவில்லை. ஒட்டியது அந்த அக்காதான். ஒட்ட வைத்தவர் எங்கள் சார். அந்த மனிதரை நினைத்தால் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு வயிறு எரிகிறது. அதை நாசூக்காகச் சொல்லும் எண்ணமும் எனக்கில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. வேலூரிலிருந்து ஒரு டிப்ளமோவோடு பெங்களூர் வந்து, சாரின் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் சேர்ந்திருந்தேன். சார் வெளிநாட்டில் படித்த நகரத் திட்ட வல்லுநர். தொம்மலூரின் பழைய ஊர்ப் பகுதியைச் சீரமைக்கும் வேலை எங்களிடம் வந்திருந்தது. சுற்றிலும் ஆபீஸ் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. நடுவில் குறுகலான சந்துகள், ஒரு வேப்பமரம், அதனடியில் தெருக்குழாய். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், பெண்கள் தினமும் வருவார்கள். பூக் கட்டுவது, பிள்ளைக்குப் பேன் பார்ப்பது, யார் வீட்டுக்கு யார் பெண் பார்க்க வந்தார்கள் என்று துருவுவது எல்லாம் அங்கேதான். காலை ஆறு மணிக்கு மரத்தடியில் இட்லி அக்கா அடுப்பு மூட்டிவிடுவார். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே தின்றுவிட்டு ஓடுவார்கள். புருஷன் படுத்த படுக்கையாகக் கிடந்தார்; அந்த ஒரு அடுப்பில்தான் அக்காவின் குடும்பம் நடந்தது.

“மக்கள்தான் பிளானர்ஸ், நாம வெறும் பென்சில்.” இது சாரின் வாய்ப்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோவிலுக்கு முன்னால் சாமியானா போட்டு, நான் வரைந்த பெரிய வரைபடத்தை மேசையில் விரித்தார். தங்களுக்குப் பிடித்த இடத்தில் மக்கள் ஆளுக்கொரு வட்டம் ஒட்ட வேண்டும். அதிகம் விழும் இடத்தைக் காப்பாற்றி அழகுபடுத்துவோம் என்பது ஏற்பாடு. கலர் வட்டங்களை ஆபீசிலேயே மறந்துவிட்டு வந்திருந்தோம். என்னைப் பெட்டிக்கடைக்கு விரட்டி ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள் வாங்கி வரச் செய்தார். பொட்டைப் பார்த்ததும் மனிதருக்கு ஒரே குஷி. “லோக்கல் டச்! போட்டோ எடு, போட்டோ எடு!”

சார் சொன்னதை நான் தமிழிலும் எனக்குத் தெரிந்த கன்னடத்திலும் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. ஏன் நம்புவார்கள்? கொஞ்ச காலத்துக்கு முன்புதான் ரோடு அகலப்படுத்துகிறோம் என்று வந்தவர்கள் வீட்டுச் சுவர்களில் சிவப்புப் பெயிண்டில் வட்டம் போட்டார்கள். சும்மா அளவுக்குத்தான் என்றார்கள். அடுத்த மாசம் வட்டம் விழுந்த வீடுகளின் முன்பக்கத்தையெல்லாம் மிஷின் வந்து தின்றுவிட்டுப் போனது. அந்தச் சந்தில் வட்டம் என்றால் இடிப்பு. சாருக்கு மட்டும்தான் அது பிரியத்தின் அடையாளம்.

இட்லி அக்கா என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். “தம்பி, நீ நம்ம வேலூர்ப் பக்கத்து ஆளு. மறைக்காம சொல்லு. கொழாயடில பொட்டு வெச்சா என் அடுப்ப எடுத்துடுவாங்களா?” ஏற்பாடு என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிவப்பு வட்டங்களை நானும்தான் பார்த்திருந்தேன். “எதுக்குக்கா வம்பு, அங்க வெக்காதீங்க” என்றேன். ஏதோ பெரிய உபகாரம் பண்ணிவிட்ட நினைப்பு எனக்கு.

வரிசை முழுக்க அது பரவியது. “கொழாயடில வெக்காதீங்கடி!” அத்தனை பொட்டும் சந்துக் கோடியிலிருந்த குப்பைமேட்டின் மேல் விழுந்தது. “இடிச்சா இத்த இடிக்கட்டும், பீடை ஒழியும்!” என்று ஒரு கிழவர் சொல்ல, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வரைபடத்தின் அந்த மூலை அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. குழாயடியில் ஒரு பொட்டு கிடையாது.

சார் பூரித்துப்போனார். குப்பைமேட்டின் மேல் ஜனங்களுக்கு இப்படி ஒரு பிடிப்பு இருப்பதை எந்த வல்லுநரும் கண்டுபிடித்திருக்க முடியாதாம்! திங்கட்கிழமை நான் அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு வட்டத்தை, அக்கா கேட்டதை, நான் சொன்னதை, ஒன்று விடாமல். முழுசாகக் கேட்டுக்கொண்டார். கேட்காமல் விரட்டியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். “இன்ட்ரஸ்டிங்” என்றார். “ஆனா ரிப்போர்ட் போயாச்சு. மேப்ல என்ன இருக்கோ அதான் மக்கள் குரல். நடுவுல நீ புகுந்து பேசாத.” ரிப்போர்ட் எங்கேயும் போகவில்லை, என் மேசைமேல்தான் கிடந்தது. பொட்டு விழாததால் காப்பாற்ற வேண்டாத இடமாகிவிட்ட குழாயடியின் மேல் ‘வாகன நிறுத்தம்’ என்று எழுதியது என் கைதான். வேலை போய்விடும் என்று பயம். வேறு காரணம் எதுவும் சொல்வதற்கில்லை.

மரத்தை வெட்டிய அன்று சார் போட்டோ எடுக்க வந்தார். நான் ஸ்கேலை எடுக்கப் பெட்டியைத் திறந்துவைத்திருந்தேன். இட்லிக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா நேராக என்னிடம் வந்தார். நெற்றிப் பொட்டைப் பிய்த்தார். பெட்டி மூடிக்குள் அழுத்தி ஒட்டினார்.

“வெக்காதன்னு சொன்னியே தொர. இந்தா, உனக்கும் ஒண்ணு வெக்கிறேன். உன்னையும் இடிக்கட்டும்.”

கார் பக்கத்திலிருந்து சார் குரல் கொடுத்தார். “என்னப்பா சொல்றாங்க? தேங்க்ஸ் சொல்றாங்களா?”

“ஆமா சார்” என்றேன்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். குப்பைமேட்டில் நாங்கள் போட்ட கல் பெஞ்சுகளின் முதுகு வரை குப்பை ஏறியிருக்கிறது. குழாயடியில் கார்கள். இட்லி அக்காவைப் பற்றி விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. சார் இன்னும் மேடையேறி, பொட்டுப் போட்டோவைத் திரையில் காட்டி, தாம் வெறும் பென்சில் என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். நல்லா இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொட்டின் பசை என்றோ காய்ந்துவிட்டது. நேற்றுப் பெட்டியைத் திறந்தபோது ஒரு விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் தட்டினால் விழுந்துவிடும். நான் கொஞ்சம் பசை தடவி, திரும்பவும் அழுத்தி ஒட்டினேன்.