அழாமல் பிறந்த மகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கோட்ரஸ் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். என் கணவருக்கு ரயில் பட்டறையில் பிட்டர் வேலை. எனக்குத் தலைச்சன் பெண். பிறந்தபோது அவள் அழவில்லை.

முந்தின நாளே பனிக்குடம் உடைந்துவிட்டது. எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் பிரசவம் பார்த்த மருத்துவச்சி காலையிலேயே வந்து உட்கார்ந்தாள். தலை தெரிந்தும் பிள்ளை இறங்கவில்லை. மத்தியானம் பட்டறைச் சங்கு ஊதிய பிறகுதான் பிறந்தது. கழுத்தில் கொடி இரண்டு சுற்று. உடம்பெல்லாம் நாவல்பழ நிறம். மருத்துவச்சி கொடியை அவிழ்த்தாள். வாயில் விரல் விட்டுச் சளியை எடுத்தாள், தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். கடைசியில் வாயோடு வாய் வைத்து ஊதினாள். ஒரு வாய் வெற்றிலை மென்று துப்பும் நேரம் போயிருக்கும். பிறகு பூனைக்குட்டி போல ஒரு முனகல்.

"உசுரு வந்துருச்சு," என்றாள்.

இரண்டு நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. பஞ்சில் நனைத்துப் பால் விட்டுப் பிழைக்க வைத்தேன். ஆனால் பத்து மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. அடுத்த வருடம் கால்கள் விறைத்து, ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொண்டன.

குழாயடியில் கிரகண தோஷம் என்று பேசிக்கொண்டார்கள். ஏழாம் மாதத்தில், கிரகணத்தன்று, மழை வருகிறதே என்று காயப்போட்ட துணியை எடுக்க நான் வெளியே போனது உண்மை. அதைக் கணவரிடம்கூடச் சொல்லாமல் இரண்டு வருடம் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

கிள்ளானில் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ரயிலில் போனோம். அவர் கால்களை மடக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பிள்ளை பிறந்தவுடனே அழுததோ?"

"இல்லீங்க. ரொம்ப நேரம் மூச்சே இல்ல."

"அதுதான் காரணம். மூச்சு இல்லையெண்டால் ரத்தத்தில நல்ல காத்து இல்லை. மற்ற உறுப்புகள் கொஞ்ச நேரம் தாங்கும். மூளை தாங்காது. கையையும் காலையும் நடத்துற பகுதி அந்தக் கொஞ்ச நேரத்திலேயே பழுதாப் போயிட்டுது."

அப்போதுதான் கிரகணத்தைச் சொன்னேன். என் கணவர் திரும்பிப் பார்த்தார். டாக்டர் சிரிக்கவில்லை. "அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அம்மா. உங்களில பிழை இல்லை," என்றார். பழுதானதைத் திரும்பக் கொண்டுவர மருந்து இல்லை என்றும் சொன்னார். தினமும் வெந்நீரில் கால்களை நீவி விரிக்கச் சொன்னார், நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டச் சொன்னார்.

மறுநாள் மருத்துவச்சியின் வீட்டுக்குப் போனேன். இந்த இரண்டு வருடமும் அவள் எங்கள் வாசல் வழியாக நடப்பதை விட்டிருந்தாள். அவளுக்கும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அக்கா, டாக்டரப் பாத்துட்டு வந்தோம். கொடி சுத்தி மூச்சு நின்னதுலதான் இப்படியாம். யாரையும் குத்தம் சொல்லல."

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அன்னைக்குக் காலையிலேயே தெரியும், புள்ள. தலை ரொம்ப நேரமா அங்கேயே நின்னுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. எம்பேரு கெட்டுருமேன்னு சொல்லல."

நான் எழுந்து வந்துவிட்டேன். ஒரு மாதம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிள்ளை நன்றாக இருந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பகலில் அவளாகவே நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. வெந்நீர் எங்கே என்று மட்டும் கேட்டாள். தினமும் குனிந்து நீவி எனக்கு முதுகு ஒடியும் வலி. சமையல்கட்டைக் காட்டினேன். அன்று முதல் தினமும் வந்தாள். அவள் கைபட்டால் மகளின் கால்கள் எனக்கு இளகுவதைவிடச் சீக்கிரம் இளகின.

பிறகு வந்த ஒரு வருடத்தில், நாலாவது வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் இப்படியே இழுத்தபோது, மருத்துவச்சி காத்திருக்கவில்லை. "என்னால ஆகாது, ரிக்‌ஷாவக் கூப்பிடுங்க," என்று வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். பையன் நன்றாக அழுதானாம். அவனைப் பார்க்கப் போனேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து நெடுநேரம் அழுதேன்.

என் மகள் நடக்கவில்லை, பேசவில்லை. அப்பா வேலை விட்டு வந்து சட்டை மாற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் சத்தமாகச் சிரிப்பாள். புட்டுக்குச் சீனி போதாவிட்டால் துப்புவாள். ஒன்பதாம் வயதில் நெஞ்சுச்சளி கண்டு நாலே நாளில் போய்விட்டாள். குளிப்பாட்ட நிறையப் பெண்கள் வந்து நின்றார்கள். மருத்துவச்சி அக்காவும் நானும் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.