மலையாளத்தில் ஒரு மழைப் பாடம்

எழுபதுகளில் கம்பம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். பாடம் கேட்பதற்கென்று அரசாங்கம் கொடுத்த வானொலிப் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. இருந்தது என்றால், தலைமையாசிரியரின் அறையில் இருந்தது. பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடுமாம். சாயங்காலம் மணி அடித்தபின் அவர் மட்டும் மலையாள நிலையத்தை வைத்துப் பாட்டுக் கேட்பார். மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரள நிலையம்தான் எங்கள் ஊரில் கணீரென்று கேட்கும். பெட்டியை ஆறாம் வகுப்புக்குக் கொடுங்கள் என்று ஒரு வருடம் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. வானொலிப் பாடம் நடக்காத பள்ளிகளிலிருந்து பெட்டியைத் திரும்ப வாங்கி ஆண்டிபட்டிப் பக்கம் கொடுக்கப் போகிறார்களாம். ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் கல்வி அதிகாரி பார்வையிட வருகிறாராம். அப்போதுதான் தலைமையாசிரியருக்கு என் ஞாபகம் வந்தது.

"டீச்சர், பெட்டிய உங்க கிளாசுக்கே எடுத்துக்கங்க. கையவிட்டுப் போயிராமப் பாத்துக்கங்க" என்றார். எனக்கு ஆத்திரமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன.

அதிகாரி வரும் நாள் காலையில் பெட்டியை மூடியிருந்த துணியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பூஜைக்காகத் தலைமையாசிரியர் சந்தனத்தைக் கரைத்துப் பெட்டி முழுக்க அப்பியிருந்தார். திருகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. நிலையம் மாற்றும் திருகின் இடுக்கில் சந்தனம் இறங்கிக் காய்ந்து இறுகிவிட்டது. ஹேர்பின்னால் சுரண்டினேன். ஈரத்துணியால் துடைத்தேன். அசையவில்லை. முள் மலையாள நிலையத்திலேயே நின்றது.

"அங்கன ஒரு பொட்டு வச்சது தப்பா? ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கிறது?" என்று தலைமையாசிரியர் என் மேலேயே பாய்ந்தார். அடுத்த நிமிடம் வாசலைப் பார்த்துவிட்டு, "டீச்சர், அதிகாரி வந்துட்டாக! பஸ்ஸ விட்டு இறங்கிட்டாக!" என்று ஓடினார்.

பதினோரு மணி. அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் வானொலியைப் போட்டேன். அந்த நிலையத்திலும் அப்போது பள்ளிப் பாடம்தான், ஆனால் மலையாளத்தில். பிள்ளைகள் திருதிருவென்று முழித்தார்கள்.

"தமிழ் நிலையம் வைக்கலாமே?" என்றார் அதிகாரி.

"திருகு இறுகிப்போச்சு சார்."

அவர் பேனாவைத் திறந்தார். பெட்டி போயிற்று என்றே நினைத்தேன்.

மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள். மலைமேல் கேரளத்து ஏலத்தோட்டத்தில் வளர்ந்து, அந்த வருடம்தான் அப்பா அம்மாவோடு மலையிறங்கி வந்து எங்கள் பள்ளியில் சேர்ந்தவள்.

"மழை எப்படிப் பெய்யுதுன்னு சொல்றாக டீச்சர். நான் தமிழ்ல சொல்லவா?" என்றவள், குரலைத் தாழ்த்தி, "அடிக்க மாட்டீகல்ல?" என்றாள்.

மலையாளம் கலந்து பேசினாள் என்று இரண்டு முறை அவளை அடித்திருந்தேன். அது அதிகாரியின் காதில் விழுந்திருக்குமோ என்றுதான் முதலில் பயந்தேன். "சொல்லு" என்றேன்.

பெட்டி பேசப் பேச அவள் விடாமல் சொன்னாள். "கடல் காத்து மலையில முட்டி மேல ஏறுதாம். மேல போகப் போகக் குளுந்து, தண்ணியாகி அந்தப் பக்கமே கொட்டிருதாம். இங்கன வர்றப்ப மிச்சம் கொஞ்சந்தானாம்." பிள்ளைகள் எட்டி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்கள். பாடம் முடிந்ததும் அதிகாரி கேள்வி கேட்டார். அதுவரை வாயே திறக்காத பிள்ளைகள்கூடக் கையைத் தூக்கினார்கள்.

"பெட்டி இங்கேயே இருக்கட்டும்" என்றார் அதிகாரி. "இந்தப் பொண்ண மலையாளம் மறந்துபோகாம நல்லாப் பழக்கி வச்சிருக்கீங்க டீச்சர்."

"ஆமா சார்" என்றேன். கொஞ்சமும் தயங்காமல் சொன்னேன்.

அவர் போன பிறகு அவள் என் மேசைக்கு வந்தாள். "அப்ப இனிமே பேசலாமா டீச்சர்?"

பேசலாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.