ஒற்றைக் கைத் துப்பாக்கி

அக்கா தன் ஊர் கியாக்தானிலிருந்து போன் செய்தபோது நான் ஓர் அலமாரிக் கதவுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் எனக்குக் கோபம் வரும். "என்ன, சீக்கிரம் சொல்லு" என்று எரிந்து விழுந்தேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நாலு நாளா வாயத் தொறக்கலடா. சோறு வச்சா ரெண்டு வாய் திங்கிறாரு, அப்புறம் செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிறாரு."

அத்தானைத்தான் சொன்னாள். முப்பது வருஷம் வீச்சு வலை போட்டு மீன் விற்றவர். ஆறு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. இடது காலையும் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார். வலை வீச இரண்டு கையும் வேண்டும். அது தெரிந்தும் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டைக்குப் போய் வீசியிருக்கிறார். வலையோடு சேர்ந்து அவரும் உள்ளே விழ, வயலில் நின்றவர்கள் ஓடிப்போய்த் தூக்கி வந்தார்கள். அன்றிலிருந்து அக்கா அவரைத் தண்ணீர்ப் பக்கமே விடுவதில்லை. வாசலில் இறங்கினால்கூடச் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பாள். அவள் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மீன்காரனை மீனிடமிருந்து பிரித்து வைத்தால் அவன் சுவரைப் பார்த்துப் படுக்காமல் வேறு என்ன செய்வான்?

இதே பர்மாவில், நான் இருக்கும் தின்கன்ஜூனில் வீட்டை ஒட்டியே என் தச்சுப் பட்டறை. அதன் மூலையில் ஒரு பழைய ராணுவத் துப்பாக்கியின் கட்டை கிடந்தது. குழல், விசை என்று இரும்பு எதுவும் அதில் இல்லை. எவனோ எப்போதோ கழற்றி எடைக்குப் போட்டுவிட்டான். மிஞ்சிய மரம் நல்ல வால்நட் மரம் என்பதற்காகப் பழைய சாமான் கடையில் விறகு விலைக்கு வாங்கி வைத்திருந்தேன். கியாக்தான் பக்கத்தில் சிலர் ரப்பர் வில்லில் அம்பு வைத்து விரால் அடிப்பார்கள். விரால் மூச்சு வாங்க மேலே வரும் நேரம் பார்த்து அடிக்க வேண்டும். அந்த வில்லைப் பிடிக்கவும் இரண்டு கை வேண்டும். ரப்பரையும் அம்பையும் இந்தக் கட்டையில் பூட்டிவிட்டால் தோளில் சாய்த்து வைத்து வலது கையாலேயே அடிக்கலாமே என்று தோன்றியது. தோன்றியதுமே என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு வாரம் பட்டறை வேலை அப்படியே கிடந்தது. குழல் படுத்திருந்த பள்ளத்தைத் தேய்த்து, அம்பு வழுக்கிக்கொண்டு ஓட வழி செய்தேன். மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டி ரப்பர் பட்டை கட்டினேன். இரும்பில் ஒரு விசை அடித்துப் பூட்டினேன். அம்பின் வாலில் நைலான் கயிறு, கயிறு சுற்ற ஒரு பால் டின். இதெல்லாம் இரண்டு நாள் வேலை. மீதி ஐந்து நாளும் மெருகுதான் போட்டேன். மரத்தின் ரேகை ஒவ்வொன்றும் தெரிந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் காட்டுகிற மாதிரி கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு துண்டை எடுத்து வந்தாள். என் இடது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள்.

"இப்ப தூக்குங்க பாப்போம்."

தூக்கினேன். நீளமான முன்பக்கம் அப்படியே தரையைப் பார்த்துத் தொங்கியது. சரி, ரப்பரையாவது இழுத்து மாட்டிக் காட்டுவோம் என்று பார்த்தால், கட்டையைப் பிடித்தால் ரப்பரை இழுக்கக் கை இல்லை, ரப்பரை இழுத்தால் கட்டையைப் பிடிக்கக் கை இல்லை.

"அவருக்குச் செஞ்சீங்களா, அலமாரில வச்சு அழகு பாக்கச் செஞ்சீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்புக்குப் போய்விட்டாள்.

எனக்கு அப்படி ஒரு கோபம். அவள் சொன்னது முழுக்கச் சரி என்பதால் வந்த கோபம். மறுநாள் காலை ரம்பத்தை எடுத்து, ஐந்து நாள் மெருகு போட்ட கட்டையின் முன்பக்கத்தில் ஒரு முழத்தை அறுத்துத் தள்ளினேன். பின்கட்டையையும் இழைத்து மெலிதாக்கினேன். அறுத்த பிறகு இடது கையைக் கட்டிக்கொண்டு தூக்கினேன். கட்டை முழங்கை மடிப்பில் சாய்ந்து நேராக நின்றது. பட்டாளத்துச் சாமான் அப்போதுதான் வேட்டைச் சாமானாக ஆனது.

ரப்பருக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். கட்டையின் முனையில் ஓர் இரும்பு வளையம். அதில் பாதத்தை நுழைத்து மிதித்துக்கொள்ள வேண்டும். இடுப்பில் ஒரு கொக்கி. குனிந்து ரப்பரைக் கொக்கியில் மாட்டிவிட்டு நிமிர்ந்தால் போதும், ரப்பர் தானாக ஏறி விசையில் உட்கார்ந்துவிடும். முதுகுதான் இழுக்கும், கைக்கு வேலையில்லை. கொக்கியை என் லுங்கியில் செருகினேன். நம் ஊர் ஆம்பிளைகளின் இடுப்பில் வேறு என்ன இருக்கிறது, ஒரு முடிச்சைத் தவிர? பட்டறை வாசலில் வைத்து மிதித்து, மாட்டி, கம்பீரமாக நிமிர்ந்தேன். நான் நிமிர்ந்தேன், லுங்கி ரப்பரோடு போய்விட்டது.

"அமலே!" என்று பர்மியத்தில் அலறி எதிர்வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டார். பக்கத்து மளிகைக் கடை பாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அவர் கைலிக்கு மேல் நாலு விரல் அகலத்தில் பச்சை பெல்ட் கட்டுகிறவர். பையும் பட்டனும் வைத்த முரட்டு பெல்ட். யாருக்காக இந்தக் கூத்து என்று கேட்டார். அத்தான் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். கடைக்குள் போய் இன்னொரு பெல்ட்டை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

"இதுல கொக்கியத் தச்சுக் குடு தம்பி. யானை இழுத்தாலும் அவுறாது. ஆனா நீ இதக் கையில தூக்கிட்டு பஸ்ல போயிறாத. வழியில பாக்குறவன் துப்பாக்கின்னுதான் நெனப்பான்."

அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. என் மெருகுதான் அதைத் துப்பாக்கியாகவே காட்டிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த மெருகின் மேல் படகுக்கு அடிக்கிற மஞ்சளையும் பச்சையையும் நானே பூசினேன். பிறகு மூன்று துண்டாகக் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழிச் சோதனைச் சாவடியில் சாக்கைத் திறந்து பார்த்தவர் விளையாட்டுச் சாமானா என்று பர்மியத்தில் கேட்டார். மீன் பிடிக்க என்றேன். சிரித்து அனுப்பிவிட்டார்.

அத்தான் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக இருக்கிறதென்றோ இல்லையென்றோ சொல்லவில்லை. பெல்ட்டைக் கட்டிவிடும்படி இடுப்பைக் காட்டினார். குட்டைக்குப் புறப்பட்டபோது அக்கா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சட்டையைப் பிடித்தபடி வந்தாள்.

மழை விட்டிருந்தது. குட்டையில் தண்ணீர் கலங்கலாகக் கிடந்தது. அத்தான் பாதத்தை வளையத்தில் நுழைத்து, குனிந்து, மெல்ல நிமிர்ந்தார். விசை கிளிக்கென்றது. உதவிக்கு நீண்ட என் கையை அவர் பார்க்கவே இல்லை. முதல் அம்பு தவறியது. இரண்டாவதும் தவறியது. கொஞ்சம் மேலே பார்த்து அடிக்கச் சொல்லி நான் வாயைத் திறந்தேன். மீனைப் பற்றி நீ எனக்குச் சொல்கிறாயா என்பது போல் ஒரு பார்வை பார்த்தார்.

மூன்றாவது அம்புக்கு வெகுநேரம் காத்திருந்தார். தண்ணீர் லேசாகச் சுழித்தது. அடித்தார். கயிறு விர்ரென்று ஓடியது. முழங்கை நீளம் விரால் ஒன்று சேற்றை அடித்துக் கலக்கியது. அத்தான் துப்பாக்கியை என்னிடம் எறிந்துவிட்டு, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, காலை இழுத்து இழுத்துத் தண்ணீருக்குள் இறங்கினார். அக்கா அலறிக்கொண்டு ஓடினாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். என் கையை நறுக்கென்று கிள்ளினாள், நான் விடவில்லை. அத்தான் ஒருமுறை தடுமாறினார். எனக்கும் உயிர் போய் வந்தது. பிறகு நின்றுகொண்டார். மீனை நெஞ்சோடு அணைத்துச் சேறும் தண்ணீருமாகத் திரும்பினார்.

அக்கா வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அத்தான் அங்கே நின்றபடியே அவளைப் பார்த்தார்.

"எதுக்குடி அழுற? தண்ணி முழங்காலு வரைக்குந்தான் இருக்கு. எந்திரிச்சுப் போயிக் கொழம்புக்குப் புளியக் கரை. நான் இன்னொன்னு அடிச்சிட்டு வர்றேன்."

நோய் வந்த பிறகு அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் நீட்டிய மீனை வாங்கிக்கொண்டு அவரைக் குட்டையிலேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.