முயலுக்குக் கட்டின கேமரா

என் தம்பி சிவனாண்டிக்கு ஒரு இடத்துல உக்காரத் தெரியாது. கல்யாண வீட்டுப் பந்தியில பாயசம் வாரதுக்கு முன்னாலயே எந்திரிச்சிருவான். பஸ்ஸுல சீட்டு கெடச்சாலும் படியிலதான் நிப்பான். ஆனா தேரிக்காட்டுக்குள்ள முயல் வருதுன்னு தெரிஞ்சா மட்டும், செம்மண்ணுல குப்புறக் கெடந்து மூச்சே விடமாட்டான். இது என்ன பொறவியோ, கூடப் பொறந்த எனக்கே வெளங்கல.

நான் சீனித்தாய். திருச்செந்தூருக்கும் பெரியதாழைக்கும் நடுவுல, செம்மணல் மேடும் முள்ளுமா கெடக்கிற தேரி ஓரமா எங்க ஊரு. பஸ் நிக்கிற இடத்துல டீக்கடை போட்டிருக்கேன். தம்பி காயல்பட்டணத்துல இஹ்ஸான் காக்கா மளிகைக் கடைக்கு லோடு ஆட்டோ ஓட்டுதான். அங்க அண்ணனைக் காக்கான்னுதான் சொல்லுவாங்க. தூத்துக்குடியிலேருந்து மூட்டை ஏத்திட்டு வரணும், இறக்கணும், அம்புட்டுத்தான் சோலி. ஒழுங்கா அதைப் பாத்தா போதாதா? அந்தப் பயலுக்கு முயல்கிறுக்கு.

இப்ப உள்ளவனுவ வேட்டைக்குப் போறதைப் பாத்தா ராக்கெட் விடப் போறவனுவ மாதிரி இருக்கு. நெத்தியில சார்ஜ் லைட்டு, போன்ல மேப்பு, வாட்ஸப்புல குரூப்பு. மேலத்தெரு செந்தில்முருகன்னு ஒருத்தன், எம் தம்பிக்குப் போட்டிக்காரன், டிரோன் வாங்கிப் பறக்க விட்டான். அது போயி பனைமரத்து உச்சியில சிக்கிக்கிட்டு ரெண்டு நாளு தொங்குச்சு. ஊரே போயி அண்ணாந்து பாத்துட்டு வந்துச்சு.

முயல் புடிச்சா கேசு. அது எல்லாருக்கும் தெரியும். ஒரு தடவை வனத்துறைக்காரங்க சிவனாண்டியைச் சுருக்குக் கம்பியோட புடிச்சி, பகல் பூரா ஆபீஸ் வாசல்ல உக்கார வச்சி, எச்சரிச்சி விட்டாங்க. வீட்டுக்கு வந்தவனை அவன் பொஞ்சாதி முத்துச்செல்வி சட்டையைப் புடிச்சி சுடலை கோயிலுக்கு இழுத்துட்டுப் போனா. "இனி கண்ணி வைக்க மாட்டேன், நாயைக் கூட்டிட்டுத் தேரிக்குள்ள போவ மாட்டேன்"னு சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ண வச்சா. நல்ல காரியம் பண்ணினாளேன்னு எனக்கு மனசு குளுந்துச்சு.

கொஞ்ச நாள் சும்மாத்தான் இருந்தான். பொறவு எவனோ சொன்னான்னு ஆன்லைன்ல ஒரு கேமராவை வரவழைச்சான். வீட்டுக்கு வந்தா முத்துச்செல்வி பாத்துருவாள்ல, அதனால பார்சல் என் கடைக்குத்தான் வந்துச்சு. சோத்து டப்பா அளவுக்கு ஒரு பச்சைப் பெட்டி, மரத்துல கட்ட ஒரு வாரு. கட்டி வச்சிட்டு வந்துட்டா போதுமாம், முன்னால எந்த உசுரு போனாலும் தானா படம் புடிச்சிருமாம், இருட்டானாலும் விடாதாம். எந்தத் தடத்துல, எந்நேரம் முயல் வருதுன்னு பாத்துக்கிட்டா ராப்பூரா காத்துக் கெடக்க வேண்டாம்.

"ஏலே, சத்தியம் என்னலே ஆச்சு?"ன்னேன்.

"கேமரா கட்ட மாட்டேன்னு சுடலைகிட்ட நான் சொல்லலியேக்கா"ன்னு பல்லைக் காட்டினான்.

பொய் சொல்லுவானேன், எனக்கும் பாக்க ஆசையாத்தான் இருந்துச்சு. போன்ல காட்டுவான். ஒரு படத்துல நரி ஒண்ணு வந்து கேமராவையே மோந்து பாத்துட்டு நிக்கி. அதைப் பாத்து அன்னைக்குப் பூரா சிரிச்சேன். ஆனா வெறும் படம் பாக்கதோட நிக்கிற ஆளா அவன்? சுருக்குக் கம்பி மறுபடியும் வெளிய வந்துச்சு.

இந்த நேரம் பாத்துத்தான் இஹ்ஸான் காக்கா ஒரு நல்ல வழி காட்டினாரு. அவரு மச்சான் அஃப்ஸல் மஸ்கட்டுல சூப்பர் மார்க்கெட் வச்சிருக்காரு. அங்க டிரைவர் வேலை, ரூமு, சாப்பாடு, விசா வந்தாச்சு. போலீஸ் சர்ட்டிபிகேட் ஒண்ணுதான் பாக்கி. பேருல கேசு கீசு இருந்தா அது கெடைக்காது. ஸ்டேசன்லேருந்து எந்நேரமும் விசாரிக்க வருவாங்கன்னு சொல்லியிருந்தாங்க. முத்துச்செல்வி பட்ட சந்தோசத்தைச் சொல்லி முடியாது. ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சிருக்கா, கூரை ஒழுகுது, இந்த மண்ணுலேருந்து ஒரு ஆளாவது கரையேறணும்னு தவங்கெடந்தவ. நானும் விசா நல்லபடியா முடிஞ்சா திருச்செந்தூருக்குப் பால்குடம் எடுக்கேன்னு நேந்திருந்தேன்.

அப்பதான் ஒரு நாள் காலைல வந்தான். மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு.

"அக்கா, கேமராவைக் காணும்."

"சனியன் தொலைஞ்சிதுன்னு விடுலே. மஸ்கட்டுக்கு அதைத் தூக்கிட்டா போவப் போற?"

"கேமரா போனா போவுதுக்கா. உள்ள கார்டு இருக்கு. நான் கட்டும்போதும் அது என் மூஞ்சியப் புடிக்கும், அவுக்கும்போதும் புடிக்கும். போன வாரம் முயலைக் காதைப் புடிச்சித் தூக்கிட்டு நிக்கேன், அதுவும் கெடக்கு. எடுத்தவன் வனத்துறையில குடுத்தான்னா எம் பொழப்பே போச்சு."

போலீஸ்ல சொல்லுலேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. என்னன்னு போயிச் சொல்லுவான்? ஐயா, நான் திருட்டு முயல் புடிக்கக் கட்டின கேமராவை எவனோ திருடிட்டான்னா?

"எங்கலே கட்டியிருந்த?"

"உள்ளதான்..." இழுத்தான். "எவனும் வராத இடம்க்கா. போன மாசம் செந்தில்முருகன் கேமராவைக் களவாண்டுட்டாங்கல்லா. அதான் நான் ரோசனை பண்ணி, எவனும் வரவே மாட்டாங்கிற இடமாப் பாத்துக் கட்டினேன். அங்கயும் வந்து எடுத்திருக்கான் பாரு!"

அன்னையிலேருந்து அவன் படுத்தின பாடு இருக்கே! கடைக்கு வருவான், டீ போடச் சொல்லுவான், குடிக்காம எந்திரிச்சுப் போயிருவான். தேரிக்குள்ள போவான், காலெல்லாம் முள்ளுக் கீறலோட வருவான். காக்கிச் சட்டையில எவன் பைக்குல போனாலும் கடைக்குப் பொறத்தால போயி நிப்பான். ஒரு நாளு அப்படி ஒளிஞ்சான், வந்தது கேஸ் சிலிண்டர் போடுத பய. அவன் அலையுததைப் பாத்துப் பாத்து எனக்கும் கையும் ஓடல காலும் ஓடல. சீனி போட்ட டீக்கே மறுபடியும் சீனி போட்டுக் குடுத்து ஆளுகிட்ட ஏச்சு வாங்கினேன். ஒரு வேட்டைக்காரன் சாமானை இன்னொரு வேட்டைக்காரன்தான் எடுப்பான்னு முடிவு பண்ணி, சிவனாண்டி என் கடை வாசல்லயே செந்தில்முருகன் சட்டையைப் புடிச்சிட்டான்.

"ஒன் கேமராவை நான் எடுத்தனா? என் கேமராவை நீதான் எடுத்தன்னு ஒரு மாசமா ஒன் வீட்டைச் சுத்திச் சுத்தி வாரேன்லே வெளங்காத பயலே!"ன்னு அவன் கத்துதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

முத்துச்செல்வி வந்து கேட்டா. "மைனி, ஒங்க தம்பி ஏன் இப்படிப் பரபரன்னு திரியுதாவ? வெளிநாடு போறதை நெனச்சுப் பயமோ?" அப்படித்தாம்ளா இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டேன். அவ முகமும் தெளிவா இல்ல. கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னுட்டா.

ரெண்டு மூணு நாள் கழிச்சு, காலை யாவாரம் முடிஞ்ச நேரம். சிவனாண்டி பெஞ்சுல ஒரு ஓரமா டீ கிளாஸோட இருக்கான். ஒரு ஷேர் ஆட்டோ வந்து நிக்கி. மகளிர் குழுத் தலைவி ஜெயசெல்வி இறங்குதா, பின்னாலயே முத்துச்செல்வி. ஆட்டோவுக்குள்ள இன்னும் நாலஞ்சு பொம்பளைங்க.

"சீனியக்கா, கடையை அடைங்க. ஸ்டேசனுக்குப் போணும்"ன்னா ஜெயசெல்வி. பையிலேருந்து அந்தப் பச்சைப் பெட்டியை எடுத்து மேசையில வச்சா.

பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு, என் கடைக்குப் பார்சல்ல வந்த அதே பெட்டி.

"தெக்க உடங்காட்டுல நாம காலைல ஒதுங்குற இடத்துல, மரத்துல கட்டி வச்சிருக்கான்க்கா! முத்துச்செல்விதான் கண்டுபுடிச்சா. எவன் கட்டினான்னு தெரியாம எந்த ஆம்பளைகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு எங்க வீட்டு அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். கார்டை நாங்க தொறக்கல. தொறந்தா எவ போன்லேருந்து எவன் போனுக்குப் போவுமோ. போலீஸே தொறக்கட்டும்."

வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டிக் குடுத்தாங்க, தண்ணிதான் குடுக்கல. அதனால பொம்பளைங்க விடியக்காலம் ஒதுங்குறது தெக்க, உடைமரம் அடர்ந்த அந்த உடங்காட்டுப் பக்கந்தான். எந்த ஆம்பளையும் அந்தத் திசையில காலெடுத்து வைக்க மாட்டான். சின்னப் பயலுக்குக்கூட அது தெரியும்.

முத்துச்செல்வி கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. "என்னையும் எடுத்திருக்கும் மைனி. நெனச்சா சோறு எறங்கல. வீட்டுல புருசன்கிட்ட கூடச் சொல்லாம பொழுதுக்கும் செத்துக்கிட்டு இருக்கேன். கட்டினவன் கையை முறிக்காம விட மாட்டேன்"ன்னா. புருசன் அங்கன பெஞ்சுலதான் இருக்கான். அவனுக்கும் சேத்துத்தான் அவ சொல்லுதா, தன் பக்கம் பேச ஒரு ஆளுன்னு நெனச்சு.

நான் என்ன பண்ணினேன்? தம்பியையும் பாத்தேன், விசாவையும் நெனச்சேன். "ஸ்டேசன் எதுக்குளா? அடுப்புல போட்டுக் கொளுத்திருவோம், யாரு படமும் மிஞ்சாது"ன்னு சொல்லிட்டேன்.

ஜெயசெல்வி என்னைய ஒரு மாதிரியாப் பாத்தா. "நீங்களாக்கா இப்படிச் சொல்லுதிய? இதைக் கொளுத்தினா நாளைக்கு இன்னொண்ணு கட்ட மாட்டானா?"

அப்ப சிவனாண்டி கிளாஸைக் கீழ வச்சான்.

"ஏளா முத்துச்செல்வி, அது என் கேமரா."

அவளுக்கு மொதல்ல புரியல. அவன் கடகடன்னு கொட்டுதான். முயலு, தடம், சுடலை, சுருக்குக் கம்பி, செந்தில்முருகன் பறிகொடுத்தது எல்லாத்தையும் சொல்லுதான். "அங்க எந்த ஆம்பளையும் வர மாட்டான், களவு போவாதுன்னுதான் கட்டினேன். வேற ஒரு எண்ணமும் இல்லளா."

"ஆம்பளை வர மாட்டான். நாங்க வருவோம்லா?"

"வருவிய. படம் விழத்தான் செய்யும். பொம்பளைங்க படம் வந்தா உடனே போன்ல விரலால தள்ளி விட்டுருவேன். நான் முயலை மட்டுந்தான் பாப்பேன். சத்தியமா."

"தள்ளுறதுக்கு முன்னால பாத்தியா, இல்லியா?"

கத்தல அவ. மெதுவாத்தான் கேட்டா. என்னைக்கும் வாங்க போங்கன்னு பேசுதவ, நீன்னு கேட்டா. அவன் கீழ வச்ச கிளாஸை மறுபடியும் கையில எடுத்துக்கிட்டான்.

"எப்பலேருந்துலே அங்க கட்டியிருந்த?"ன்னு நான் கேட்டேன்.

"தை கடைசியிலேருந்து. ஒரு மாசம் இருக்கும்."

கடை தொறக்கதுக்கு முன்னால, மத்தவங்க எந்திரிக்கதுக்கு முன்னால, தினம் மொத ஆளா அந்தப் பக்கம் போறது யாரு? நான்தான். என் முட்டிவலிக்கு அங்கன நிக்கிற ஒரு உடைமரத்தைப் புடிச்சித்தான் உக்காருவேன், அதைப் புடிச்சித்தான் எந்திரிப்பேன். தம்பியைப் பாத்தேன். அவன் என்னையப் பாத்தான். ஒரே நொடிதான், தலையைக் கவுந்துக்கிட்டான். அதுலயே எனக்கு எல்லாம் வெளங்கிருச்சு. இடுப்புல தூக்கிச் சுமந்த பய. நரிப் படத்தைக் காட்டி என்னையச் சிரிக்க வச்ச அதே போன்ல, என்னையத் தள்ளி விட்டிருக்கான். மேலெல்லாம் பத்தி எரிஞ்சுச்சு எனக்கு. சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடுதேன், மூடின மாதிரியே இல்ல.

முத்துச்செல்வி கேமராவை எடுத்தா. அந்த விசாவை எங்க எல்லாரையும் விட அதிகமா வேண்டினவ அவதான். ஜெயசெல்விக்கும் முன்னாலயே ஆட்டோவுல ஏறினா.

நான் அடுப்பை அணைச்சேன். பாலை மூடி வச்சேன். ஷட்டரை இழுத்தேன்.

"அக்கா, நீ ஒரு வார்த்தை சொன்னா அவ கேப்பா"ன்னு பின்னாலயே வாரான். "ஸ்டேசனுக்குப் போனா விசா போயிரும்க்கா."

"போவட்டும்லே"ன்னேன்.

ஆட்டோவுல இடம் இல்ல. முத்துச்செல்வி நகந்து, எனக்கு இடம் விட்டா.