விருந்துக்கு ஓடும் பால்ச்சாமி

ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் பால்ச்சாமி ஓடுகிறான். செட்டியார்பட்டியிலிருந்து தேவதானம் வரும் சாலை, உச்சி வெயில், உள்ளே அத்தை வீட்டு ஆட்டுக்கறி. மூச்சும் ஏப்பமும் மாறி மாறி வருகின்றன. டவுன் பஸ் அவனைத் தாண்டும்போது கண்டக்டர் தலையை நீட்டி, “ஏலே பட்டாளம், ஏறிக்கிடுதியா?” என்கிறார்.

“செரிக்கணும்ணே, நீங்க போங்க!” என்று கையை ஆட்டுகிறான். கூடவே வயிறும் ஆடுகிறது.

எண்பத்தேழு புரட்டாசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது இவன் முருங்கைக்காய் போல இருந்தான். ஓட்டத்தில் முதலில் வந்தான். தைப் பொங்கல் கழிந்ததும் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. பட்டாளத்துக்குப் போகிறவன் சொந்தக்காரர் ஒவ்வொருவர் வீட்டிலும் கை நனைத்தாக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு வீட்டில் தின்றுவிட்டு அடுத்த வீட்டை விட்டால் ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. பட்டாளத்தில் வெறும் ரொட்டிதான் என்பது எங்கள் ஊர்ப் பெண்களின் அசைக்க முடியாத முடிவு. அதனால் வருகிற வருடத்துக் கறியையெல்லாம் இப்போதே உள்ளே தள்ளி அனுப்பப் பார்க்கிறார்கள்.

பால்ச்சாமியும் ஒரு வழி கண்டுபிடித்தான். விருந்துக்கு ஓடிப் போவான், தின்றதும் ஓடி வருவான். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சித்தி கட்டிக்கொடுக்கும் பால்கோவாவை வழியில் நாய்களுக்குப் போட்டுவிடுவான். ருசி கண்ட நாய்கள் இப்போது இவன் பின்னாலேயே ஓடுகின்றன. நான் பார்த்தவரை நாய்கள்தான் இளைத்திருக்கின்றன.

காலையில் கிணற்றுமேட்டில் தண்டால் எடுக்கிறான். அம்மா வெள்ளத்தாய் முட்டையும் நல்லெண்ணெயுமாகப் பக்கத்திலேயே நிற்கிறாள். தண்டாலுக்கு ஒரு முட்டை என்று அவளுக்கு யார் சொன்னார்களோ!

“வேண்டாமென்று சொல்லித் தொலைப்பதுதானே?” என்று கேட்டேன்.

“சீனியம்மா அத்தைட்ட நீங்க சொல்லிப் பாருங்க. எலைய மறிச்சா கை மேலயே கொழம்ப ஊத்துதாவ!” என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “அங்க போயி ஓட ஏலாம திரும்பி வந்தா, தவசிமுத்து அண்ணன் கதிதாண்ணே எனக்கும்.”

தவசிமுத்து சில வருடங்களுக்கு முன் இதே போல விருந்து தின்று போனவர். பயிற்சியில் ஓட முடியாமல் திருப்பி அனுப்பப்பட்டார். இப்போது சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஊரில் அவருக்குப் பெயர் ‘அரைப்பட்டாளம்’. பெண் பார்க்கப் போன இடத்திலும் அந்தப் பெயர் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தது. அப்படிக் கூப்பிட்டுச் சிரித்தவர்களில் பால்ச்சாமியும் உண்டு.

இப்படி ஓடி ஓடியே நாள் நெருங்கிவிட்டது; நாளை அவன் ரயில் ஏறுகிறான். நேற்றுப் பகல் கடைசி விருந்து தவசிமுத்து வீட்டில்தான். பேச்சுத் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு வைத்தாயிற்று. அடுப்படியிலிருந்து கோழிக் குழம்பு மணம் ஆளைத் தூக்கியது. அவர் மனைவி முத்துப்பேச்சி சோற்றுச் சட்டியோடு வந்தாள்.

“செத்த நேரம் பொறு” என்று அவளைக் கையமர்த்திவிட்டுத் தவசிமுத்து பால்ச்சாமியின் எதிரே உட்கார்ந்தார்.

“எனக்கும் ஊரே இப்படித்தான்லே போட்டுச்சு. வேண்டாம்னு சொல்லக் கூச்சப்பட்டு அம்புட்டையும் தின்னேன். ஒனக்கும் கூச்சமாத்தான் இருக்கும். பயிற்சிய முடிச்சிட்டு லீவுல வா. கோழி எங்க போயிரப் போவுது?”

முத்துப்பேச்சி கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். தவசிமுத்து கையை நீட்டி, உப்பு மட்டும் வைத்திருந்த அந்த இலையைத் தானே மடித்தார்.