பார்க்கிங்கில் ஒழுகிய ஒயில் யாருடையது?

இன்று காலை எங்கள் பிளட்ஸ் பார்க்கிங்கில், குடியிருப்போர் சங்கச் செயலாளர் அங்கிளின் மூக்குக்கு நேரே என் விரலை நீட்டிவிட்டேன்!

(லிப்டில் யாராவது ஏறினால், கோல் வராத போனைக் காதில் வைத்துக்கொள்ளும் அதே நான்தான்.)

கொழும்பு வெள்ளவத்தையில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருக்கும் பிளட்ஸ் இது. அண்மையில்தான் பார்க்கிங்குக்குப் புது டைல்ஸ் பதித்தார்கள். அன்றிலிருந்து செயலாளர் அங்கிள் அந்த டைல்ஸைக் கைக்குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்கிறார்.

காலையில் கண் விழித்தால் பிளட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் அங்கிள் போட்ட ஒரு போட்டோ.

என் காரின் முன் டயர். அதன் பக்கத்தில் பளபளவென்று ஒரு எண்ணெய்த் திட்டு. மேலே என் நம்பர் பிளேட், அவ்வளவு தெளிவாக. (என் காரை இதுவரை யாரும் இவ்வளவு அழகாகப் படம் எடுத்ததில்லை!)

கீழே: "ஒயில் ஒழுகும் வாகனங்களுக்கு உள்ளே இடமில்லை. இன்று மாலைக்குள் வெளியே எடுக்கவும்."

அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். மூன்றாம் மாடி அன்ரி மட்டும் கும்பிடு போட்டிருந்தார். (எதற்கென்று தெரியவில்லை.)

வெளியே என்றால் எங்கள் ஒழுங்கை, ஒரு குட்டிச் சந்து. ஒரு ஆட்டோ போனால் எதிரே வருகிற சைக்கிள் மதிலோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே கார் நின்றால் மறுநாள் அதற்குப் பக்கக் கண்ணாடி இருக்காது.

எங்கள் குடும்பத்தில் முதல் கார் அது. வேலை கிடைத்த பிறகு லீசிங்கில் எடுத்த பழைய ஜப்பான் கார். சனிக்கிழமை தவறாமல் ஒயில், கூலன்ட், பிரேக் ஒயில், வைப்பர் தண்ணீர் எல்லாம் பார்ப்பேன். (காரோடு வந்த புத்தகம் ஜப்பான் மொழியில். படம் பார்த்துத்தான் படித்தேன். ஒரு பக்கத்தில் ஒயில் குறைந்த என்ஜின் கண்ணீர் விட்டு அழுகிறது. அந்தப் பக்கத்துக்குப் பயந்தே வாழ்கிறேன்.)

ஒயில் ஒழுகினால் அளவு குறைந்திருக்க வேண்டுமே!

இதைக் குரூப்பில் எழுதினேன். அழித்தேன்.

"குட் மோர்னிங் அங்கிள்" என்று எழுதினேன். அதையும் அழித்தேன்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னாடி, எழுதி எழுதி அழிக்கிற? வாய் எங்க போச்சு? கீழ எறங்கிப் போயி சொல்லிட்டு வா!"

"அவர் செயலாளரும்மா."

"இருக்கட்டுமே! கார் ஒன்னோடதுதானே?"

டிஷ்யூவோடு இறங்கினேன்.

பொனெட்டைத் திறந்து, ஒயில் பார்க்கும் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். போன வாரம் நின்ற அதே கோட்டில் நின்றது. நிறம் கறுப்பு. கூலன்டும் பிரேக் ஒயிலும் அசையவில்லை.

பிறகு குந்தியிருந்து, தரையில் கிடந்ததை இன்னொரு டிஷ்யூவில் ஒற்றினேன்.

மஞ்சள்!

விரலால் தொட்டேன். தேய்த்தேன். மோந்து பார்த்தேன்.

பசித்தது.

சத்தியமாக! இட்லியும் பொடியும் கண்முன் வந்தன. உலகத்தில் எந்த என்ஜின் ஒயிலுக்கும் அந்த வாசனை கிடையாது.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு குரல்.

"பிள்ளை, நிலத்தில குந்திக்கொண்டு என்ன செய்யிறீர்?"

செயலாளர் அங்கிள். கையில் எண்ணெயை உறிஞ்ச மரத்தூள் பை.

"அங்கிள்... ஒயில்..."

"ஓம் ஓம், ஒயில்தான். வடிவாத் தெரியுது. புது டைல்ஸ் பிள்ளை! காரைத் திருத்திப்போட்டுக் கொண்டு வாரும், நான் ஒண்டும் சொல்லேல்ல."

சொல்ல நினைத்தது எதுவும் வரவில்லை. விரல்தான் வந்தது.

"மோந்து பாருங்க அங்கிள்!"

அவர் ஒரு அடி பின்னால் போனார். நான் ஒரு அடி முன்னால் போனேன். (அது யார் என்று எனக்கே தெரியவில்லை.)

மோந்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை மோந்தார்.

"இது... நல்லெண்ணெய் எல்லோ!"

இரண்டு பேரும் அந்தத் திட்டு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். டைல்ஸ் வடிகான் பக்கம் சற்றுச் சரிவு. மேட்டில் நிற்பது அங்கிளின் புதுக் கார். அதற்கு முன்னால் பாதியாக வெட்டிய தேசிக்காய்கள் (எலுமிச்சைதான்), கருகிய திரி, குளமாக எண்ணெய்.

"அது... வெள்ளிக்கிழமையில கண்ணூறு படாம இருக்க என்ர மனிசி கொளுத்திறவ..."

வாசல் கேட்டடியில் நின்ற சிங்களச் செக்யூரிட்டி அண்ணன் தனக்குத் தெரிந்த தமிழில் குறுக்கே வந்தார்.

"ஐயோ சேர், மேடம் இல்லை! சேர்தானே நேத்து போத்தலோட ஊத்தினது!"

அங்கிள் மரத்தூளைத் தூவத் தொடங்கினார்.

"அங்கிள், குரூப்பில..."

"போடுறன் பிள்ளை, போடுறன்!"

அங்கேயே நின்று போட்டார்: "திருத்தம்: மேற்படி எண்ணெய் வாகன எண்ணெய் அல்ல. குறித்த வாகனம் தொடர்ந்து உள்ளே நிற்கலாம்." (யாருடைய எண்ணெய் என்று அதில் இல்லை. பரவாயில்லை.)

பிறகு என் பொனெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"உந்தக் கம்பியை இழுத்து என்ன பாக்கிறனீர்?"

"என்ஜின் ஒயில், அங்கிள். உங்கட காரிலயும் பாக்கட்டா?"

அங்கிள் காருக்குள் ஏறினார். சீட்டின் பொலித்தீன் உறை கிறீச்சிட்டது. ஒரு பிடியை இழுத்தார். பெற்றோல் மூடி திறந்தது.

இன்னொன்றை இழுத்தார். டிக்கி திறந்தது.

மூன்றாவதை இழுத்தார். சீட் சாய்ந்து, அங்கிளைக் காணவில்லை!

ஒருவழியாகப் பொனெட் திறந்தது. கம்பியை உருவித் துடைத்து, விட்டு எடுத்தேன். நுனியில் ஒரே ஒரு சொட்டு.

"அங்கிள், கடைசியா எப்ப ஒயில் மாத்தினீங்க?"

"மாத்துறதோ? கார் எடுத்து இன்னும் ஒரு வருசம்கூட ஆகேல்லயே! வெள்ளி தவறாமப் பாத்துக்கொண்டுதானே வாறம்!"

உண்மைதான். வாராவாரம் எண்ணெய் ஊற்றியிருக்கிறார். எல்லாம் வெளியில்!

என்னைக் காணவில்லை என்று இறங்கி வந்த அம்மா, கம்பியையும் பார்த்தார், தேசிக்காயையும் பார்த்தார்.

"ஐயா, கராஜ்ல குடுத்து மாத்திருங்க. வீட்டுல மிஞ்சின நல்லெண்ணெய்ய மட்டும் உள்ள ஊத்திறாதீங்க!"

அங்கிள் சிரிக்கவில்லை.

(அதைத்தான் யோசித்திருப்பார் போல!)

நண்பர்களே, உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் காரில் பொனெட்டைத் திறக்கப் போனால் முதலில் எது திறக்கிறது?